ஆவியின் வலது காது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

விக்டோரியா மகாராணி காலத்தில், லண்டன் இஸ்லிங்டனில் பிற்பகல்தோறும் மாய நாடகம் போடும் அரங்கொன்றில் ஓபெட் டிரான்ட்டருக்கு ஆவி வேடம். மேடையில் அல்ல, மேடைக்கு முன்னால் யார் கண்ணுக்கும் படாத பள்ளத்தில். கண் கூசும் வெளிச்சத்தில் அவன் அங்கே ஆடுவான். மேலே சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடியில் அவன் பிம்பம் விழும். கண்ணாடி இருப்பதே ஜனங்களுக்குத் தெரியாது. மேடையில் ஆவி நிற்கிறது என்று மயங்கி விழுவார்கள். நாடகம் முடிந்ததும் ஆவி வந்து வணங்கக் கூடாது என்பது அரங்கின் சட்டம். ஆகவே ஆறு வருடமாக அவனை நடிகன் என்று அறிந்தவர் யாருமில்லை.

டோர்கஸைப் பெண் கேட்கப் போனபோது வினை அதில்தான் வந்தது. அவள் அப்பா ஜேபஸ் குட்ஜ் மீன் வியாபாரி.

"நடிகன்னு சொல்றே. பார்த்தவன் ஒருத்தனாச்சும் உண்டா? என் கண்ணால பார்க்கணும். அப்புறம்தான் கல்யாணப் பேச்சு."

"சனிக்கிழமை வாங்க ஐயா. ஆவி வலது காதை இழுக்கும். அது நான்தான்."

"இழுக்கலேன்னா?"

"வேற மாப்பிள்ளை பாருங்க."

கண்ணாடியில் இடம் வலம் மாறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றிச் செய்தே பழகியவன் அவன். அன்று மட்டும், டோர்கஸ் வந்திருப்பாள் என்ற நினைப்பில், தன் வலது காதையே இழுத்துவிட்டான்.

"யோவ், அது இடது காது!" குட்ஜின் குரல் அரங்கைப் பிளந்தது. "எவனையோ காட்டி என்னை ஏமாத்தப் பார்க்கிறான்!"

"உக்காருங்கப்பா. மானம் போகுது."

குட்ஜ் உட்காரவில்லை. சாப்பாட்டுக்கென்று கோட்டுப் பையில் வைத்திருந்த பச்சை ஹெர்ரிங் மீனை எடுத்து வீசினார். அது ஆவியின் நெஞ்சில் பட்டு, அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்த ஓபெட், மீன் கண்ணாடியில் வழுக்கி வருவதைக் கண்டான். குட்டு உடைந்தால் வேலையும் போகும், பெண்ணும் போவாள். விழுந்த மீனைத் தாவிப் பிடித்தான். மேடையில் ஆவியின் கைக்கும் மீன் வந்தது. அதுவும் ஆவிபோலவே மங்கலாகத் தெரிந்தது. வேறு வழியின்றி ஓபெட் அதைத் தலையிலிருந்து வால்வரை பச்சையாகத் தின்று, முள்ளைத் துப்பிவிட்டு, மறக்காமல் தன் இடது காதை இழுத்தான்.

கைதட்டலில் கூரை ஓடு இரண்டு பெயர்ந்தது.

"அது என் மீனேதான்," என்றார் குட்ஜ், கண் கலங்கி. "முகம் சுளிக்காம தின்னானே! நம்ம வீட்டுக்கு ஏத்த பையன்தாம்மா."

அடுத்த மாதமே கல்யாணம். குட்ஜே பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று எழுதிய தேவாலயப் பதிவேட்டில், மணமகளின் தந்தை காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆயின என்று எழுதியிருக்கிறது.