மேடேறாத லேண்ட்மாஸ்டர்

மெக்கானிக் கலீலுல்லாவுக்கு அன்று யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது. தங்கதுரையைப் பார்த்தால் ஒரு எரிச்சல், அவனுடைய டாக்சியான அந்த முப்பது வருஷத்துக் கிழட்டு லேண்ட்மாஸ்டரைப் பார்த்தால் அதைவிடப் பெரிய எரிச்சல். பாய் கைவைத்து ஓடாத வண்டி கள்ளக்குறிச்சியில் கிடையாது என்று ஊரே சொல்லும். இந்தச் சனியன் மட்டும் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வரை சத்தமே இல்லாமல் ஓடி வந்தது. அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதுமே பட் பட்டென்று அடித்து, குலுங்கி, முதல் வளைவிலேயே நின்றுவிட்டது.

"மூணு நாளு ஷெட்டுல வச்சிக்கினு இன்னாய்யா பண்ண பாய்?" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான் தங்கதுரை.

"பிளக்கு புதுசு, பாயிண்டு புதுசு, கண்டன்சர் புதுசு. கார்பரேட்டர அக்கு அக்கா கழட்டிக் கழுவுனேன். இன்னும் இன்னா பண்ணணும்? தோள்ல தூக்கிக்கினு ஏறட்டுமா?"

பின்சீட்டிலிருந்த அம்மாசி இறங்கி, கதவை அறைந்து சாத்தினான். கரியாலூர்க்காரன். டாக்சி பிடிக்க விடியும் முன்பே மலையிலிருந்து நடந்து இறங்கி வந்தவன். அவன் தங்கை சின்னப்பொண்ணுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கடலூரில் மலைசாதி இடஒதுக்கீட்டில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. போன மாதம் வந்த முதல் தேதிக்கு அவளால் போக முடியவில்லை. தங்கதுரையின் சாதிக்காரர்கள் நடத்திய இடஒதுக்கீட்டு மறியலில் ஒரு வாரம் ரோடெல்லாம் மரம் கிடந்தது. எழுதிப் போட்டுக் கெஞ்சித்தான் இந்த இரண்டாவது தேதியை வாங்கியிருந்தாள். இதற்கும் வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். மலைக்கு இன்னும் பஸ் விடவில்லை. அவளுக்கோ கணுக்கால் பிசகி வீங்கிக் கிடந்தது, நடந்து இறங்கவும் வழியில்லை. மணி மூன்றாகிவிட்டது.

"நீங்க கோட்டா கேட்டு மரத்த வெட்டிப் போட்டீங்க," என்று அம்மாசி கத்தினான். "கேளுங்க, வாணாங்கல. வேலைக்குப் போறவளுக்கு வழிய அடச்சீங்களே, அது எந்த ஊரு நாயம்?"

தங்கதுரை பாய்ந்து இறங்கினான். "ஆமாண்டா, வெட்டுனேன்! தியாகதுருகம் ரோட்டுப் புளியமரத்துல மொத வெட்டு என்னுது. எம்புள்ள அம்மாம் மார்க்கு வாங்கிட்டு, சீட்டு இல்லேன்னு குவாரில கல்லு ஒடைக்கறான். அதுக்கு எவன் வந்து நாயம் சொன்னான்?"

"அதுக்கு எந்தங்கச்சி இன்னா பண்ணா?"

இருவரும் மார்போடு மார்பு முட்டி நின்றார்கள்.

"அடச்சீ, நிறுத்துங்கடா!" என்று கலீலுல்லா போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் திரும்பினார்கள். "பொழுது போயிக்கினே இருக்குது. கல்லு எடுத்தாந்து நாலு சக்கரத்துக்கும் அண்டக் குடுங்க."

வெறும் வண்டியைக் கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பினோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சமதரையில் இந்த எஞ்சினுக்கு ஒரு நோவும் கிடையாது. இழுக்கச் சொன்னால்தான் நோவு. பெட்ரோல் போதவில்லை என்றால் மூச்சு வாங்கித் தளர்ந்து நிற்கும். இது அப்படி இல்லை, வெட்டி வெட்டி அடிக்கிறது. அப்படியானால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் நடுவழியில் எங்கேயோ கசிகிறது.

தங்கதுரையை மறுபடி உட்காரவைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். பானெட்டைத் திறந்து, டிக்கியில் கிடந்த கோணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பக்கவாட்டில் குனிந்தார். பட்டப்பகலில் உள்ளே இருட்டு. எஞ்சின் முக்கியது. பட்டென்று அடித்தபோது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலமாக ஒரு பொறி, ஒயர் அடியிலிருந்து இரும்புக்கு ஊர்ந்து போனது. மறுபடி பட். மறுபடி அதே இடம்.

"நிறுத்து!" கோணியை வீசியெறிந்தார். "சந்தனம்யா, சந்தனம்!"

ஆயுத பூஜைக்குத் தங்கதுரை தண்ணீரில் குழைத்துத் தடித் தடியாக மூடியில் அப்பிய சந்தனம். நடுவில் குங்குமம் வேறு. சமதரையில் கரண்ட் ஒழுங்காகப் பிளக்கில் தாண்டிவிடும். மேட்டில் எஞ்சின் இறுகும்போது தாண்ட முடியாமல் இந்தச் சந்தனத்தின் வழியே ஓடிவிடும். அந்தச் சந்தனம் அவர் கண்ணில் படாமல் இல்லை. பாயிண்ட் மாற்றும்போது அந்த மூடியை ஓரத்தில் பிடித்துக் கழற்றி, பூஜைத் தட்டைப் போல மெதுவாக வைத்து, அப்படியே திருப்பி மாட்டியிருந்தார். எஞ்சினில் மற்ற எல்லா இடத்தையும் துடைத்தவர், அதை மட்டும் தொடவில்லை.

"பாயிண்டு மாத்தறப்ப பாத்தியா? பாத்தும் தொடைக்கலியா?" தங்கதுரைக்குக் கண் சிவந்தது.

"சாமிக்கு வச்சது. நான் கை வச்சா நீ இன்னா நெனப்பியோன்னு உட்டுட்டேன்."

"பத்து வருஷமா என் வண்டிய அவுத்துப் பாக்கறவன்யா நீ! தொடச்சிக் கடாச வேண்டியதுதான? உன்ன வெட்டிப் போட்டுருவனா?"

"போன மாசம் ஒரு வாரமா கோடாலியும் கையுமா சுத்திக்கினு இருந்தியேடா!" என்றார் கலீலுல்லா. "உங்கிட்ட எத பேசலாம், எத பேசக்கூடாதுன்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?"

தங்கதுரை தோளிலிருந்த துண்டை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, மூடியை அவனே துடைத்தான். துடைத்த வேகத்தில் கை இரும்பில் கிழிந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

வண்டி ஏறியது. கரியாலூர் வரை ஒரு இடத்திலும் திணறவில்லை.

சின்னப்பொண்ணு காலில் துணி சுற்றி, சர்டிபிகேட் பையை மடியில் வைத்து, வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாசி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினான். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரு பயந்துக்கினு சொல்லல. அவரு கண்ணத் தொறந்து பாக்கல. ரொம்ப நல்லா இருக்குது. இதுக்கு நடுவுல எம்பேரு அடிபட்டுப் போயிருக்கும்."

கைகொடுக்க வந்த தங்கதுரையை அவள் விலக்கினாள். ஒற்றைக்காலால் தத்தி வந்து முன்சீட்டில் ஏறினாள். அவன் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்ததும் நேராக அவனிடமே கேட்டாள்.

"நாளைக்கு எனக்கு வேல கெடச்சா, 'எம்புள்ளைக்கு வர வேண்டியது இவளுக்குப் போச்சு'ன்னு சொல்லுவீங்களா?"

பின்சீட்டில் கலீலுல்லா, இவன் இப்போது கத்தப்போகிறான் என்று காத்திருந்தார். அவனோ சாவியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தான்.

"வண்டிய எடுங்க," என்றாள் சின்னப்பொண்ணு. "கடலூரு போறதுக்குள்ள யோசிச்சி சொல்லுங்க."