மெஷின் ரூம் படிக்கட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலைப் பார்க்க மாட்டார், வரவேற்பறையைப் பார்க்க மாட்டார். நேரே மேல்மாடிக்கு ஏறிவிடுவார். லிஃப்டின் மோட்டார் இருக்கும் மெஷின் ரூம் அங்கேதானே. இருபத்திரண்டு வருடப் பிழைப்பு, காலில் ஊறிவிட்டது. அப்பேர்ப்பட்டவரை மகளுக்குப் பல்கலைக்கழகம் பார்த்துவரச் சொன்னால் வேறென்ன செய்வார்?

மகளுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. அதே படிப்பு, அதே கட்டணம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இன்னொன்று ரயிலில் ஒன்பது மணி நேரம், விடுதி வாசம்.

"எல்லாம் ஒண்ணுதான்னா, அங்க பசங்க எப்படிப் பழகறாங்கன்னு பாருங்கண்ணே. நாலு வருஷம் அவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்," என்று போனில் சொன்னாள் அவர் தங்கை. வாஸ்தவமான பேச்சு.

மகளை அவர் கூப்பிடுவது வாயாடி என்று. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதனால் வைத்த கேலிப் பெயர். அம்மா போன பிறகு அந்தப் பத்தும் ஆறாகிவிட்டது. கேலி மட்டும் மாறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் நின்றுபோய் இவரைத்தான் கூப்பிட்டார்கள். மதிய இடைவேளை. கீழே மைதானத்தில் காது கிழிகிற கூச்சல். மெஷின் ரூமுக்குப் போகும் கடைசிப் படிக்கட்டில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். மூடிய கதவில் முதுகைச் சாய்த்து, காலையில் இவர் கட்டிக் கொடுத்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் மகள் தன்னந்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பழைய துணிப்பையை மடித்துப் போட்டிருந்தாள், தரை சில்லிடாமல் இருக்க. அந்தப் பையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது, இது ஒருநாள் கூத்தல்ல என்று. தான் பார்த்தது தெரிந்தால் பிள்ளை கூசிப்போகும் என்று நினைத்து, ஸ்பானர் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, பூனை மாதிரி இறங்கிவிட்டார்.

"இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று சாயங்காலம் கேட்டார்.

"எல்லார்கூடவும்," என்றாள். அதோடு சரி. அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

ஆகவே இப்போது அவருக்கு இருந்தது ஒரே கவலை. இன்னும் நாலு வருடம் இந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் போகட்டும்.

போன வாரம் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தார்கள். அமைதியான இடம். மரத்தடி பெஞ்சுகளில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நைசாக நழுவி மேல்மாடி ஏறினார். கடைசிப் படிக்கட்டில் விரற்கடைத் தூசி, ஒரு காலடித் தடம் இல்லை. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இன்று காலையில் தூரத்தில் இருப்பதற்கு வந்தார்கள். அப்பப்பா, என்ன ஆர்ப்பாட்டம்! வழியெல்லாம் மேஜை போட்டு நாடகக் குழு, மலையேறும் குழு, பாட்டுக் குழு என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையில் பதினோரு துண்டுப் பிரசுரங்கள் சேர்ந்தன. கொடுத்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இவர் மாடி ஏறினார். பயந்தது பயந்தபடி நடந்தது. மெஷின் ரூம் கதவருகே ஒரு பெண் மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். ரிப்பேருக்கு வந்தவர் என்று நினைத்துக் காலை மடக்கி வழிவிட்டாள். இவர் ஒன்றும் பேசாமல் இறங்கிவந்து டீக்கு வரிசையில் நின்றார். வரிசை நீளம். டீயோடு திரும்பினால் மகளைக் காணோம். அரை மணி கழித்துத்தான் வந்தாள். நூலகம் பார்க்கப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டார்.

மூன்று மணி ரயில் கிளம்பியதும் அவர் தீர்ப்பைச் சொன்னார்.

"பக்கத்துல இருக்கறதே போதும்மா."

"ஏன்பா?"

"இங்க ஆட்டம் பாட்டமெல்லாம் வெளிப்பூச்சு. மேல ஒரு பொண்ணு தனியா உக்காந்து சாப்பிடுது. என் கண்ணால பாத்தேன்."

"நானும் பாத்தேன். நீங்க டீக்கு நின்னப்ப மேல போனேன். இங்க உக்காரட்டுமான்னு கேட்டேன். நகர்ந்துகிட்டா. அரை மணி நேரம் பேசினோம்."

"அரை மணி நேரமா? நீயா?"

"ஒரு வருஷமா அங்கதான் சாப்பிடறாளாம். யாருமே மேல வந்ததில்லையாம். இன்னைக்குத்தான் ஒருத்தர் வந்தாராம். பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம இறங்கிட்டாராம்."

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"ஸ்கூல்லயும் அப்படித்தான்பா. ஸ்பானர் சத்தம் கேட்டுச்சு. உங்க பைதான்னு தெரியும். இன்னும் நாலு படிதான். ஏறி வருவீங்கன்னு டப்பாவை மூடாம வெச்சிருந்தேன்."

பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றியதாக இரண்டு வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"இங்கயே சேந்துக்கறேன்பா," என்றாள். "கீழ இருக்கற கூட்டத்துக்காக இல்ல. நாளைக்கும் அவ அங்கதான் இருப்பா."

அப்ப நான், என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வெறும் வீட்டுக்கு இனி பழகிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. சம்மதத்தை அனுப்பச் சொன்னார். அவள் அங்கேயே போனில் அனுப்பினாள்.

ஊர் போய்ச்சேர இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"அந்த ஸ்கூல்ல உனக்கு என்னம்மா ஆச்சு? சொல்லு. நான் எங்கயும் எழுந்து போகல," என்றார்.