சித்தி பார்த்த பக்கம்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் சிஸ்டர் என்று பெயர். கண் அழுத்த நோயாளிகளுக்காக அவளே ஓர் இணையதளம் நடத்திவந்தாள். சொட்டு மருந்தை எப்படி விடுவது, ஏன் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. தேடுபொறி அவளை ஐந்தாம் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. அங்கே ஈ காக்காகூட எட்டிப் பார்க்காது.

ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டினாள். தலைப்புகளை மாற்றினாள், படங்களைச் சுருக்கினாள். தளத்தின் செலவுக்கு ஆகட்டும் என்று விளம்பரமும் சேர்த்தாள். விளம்பரக் கட்டத்தை உங்கள் பக்கத்தின் நிறத்திலேயே வைத்தால் இன்னும் நிறையப் பேர் தட்டுவார்கள் என்று விளம்பரக் கம்பெனி மெயில் அனுப்பியது. அதற்கும் தலையாட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் தேடுபொறிக்கு என்ன தோன்றியதோ, தூக்கி முதல் இடத்தில் வைத்துவிட்டது. அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இன்று சித்தி பரிசோதனைக்கு வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். பல வருடமாகச் சொட்டு மருந்து விடுவதால் அவளுக்குக் கண் அழுத்தம் எப்போதும் பதினாறைத் தாண்டாது. இன்று அளந்தபோது இடது கண்ணில் முப்பத்தாறு காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று மறுபடி அளந்தாள். முப்பத்தாறேதான்.

"சித்தி, மருந்து ஒழுங்கா விடுறீங்கல்ல?"

"அதை நிறுத்தி மூணு மாசமாச்சே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"என்னடி இப்படிக் கேக்குறே? நீதானே எழுதியிருந்தே, பொடியைக் குடிச்சாப் போதும், சொட்டு மருந்து வேணாம்னு. எங்கக்கா பொண்ணு எழுதினதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டினேன்."

"நானா? நான் எதுக்கு அப்படி எழுதப் போறேன்!"

சித்தி தன் போனை நீட்டினாள். அவளுடைய பக்கம்தான். அவள் எழுதிய இரண்டு பத்திகளுக்கு நடுவே, அதே எழுத்தில், அவள் பக்கத்தின் அதே பச்சை நிறக் கட்டத்தில் இருந்தது: 'இந்தப் பொடி போதும், சொட்டு மருந்துக்கு இன்றோடு விடை கொடுங்கள்.' கீழே ஓரத்தில் எறும்பு அளவில் 'விளம்பரம்'. சித்தியின் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

தன் போனில் பார்த்தாள். அதே இடத்தில் பயணப் பெட்டி விளம்பரம். எப்போதோ ஒரு பெட்டி தேடினாள். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் அது துரத்துகிறது. ஆளுக்கு ஒரு விளம்பரம் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மற்றவர்களுக்கு என்ன காட்டுகிறார்கள் என்றுதான் ஒருநாளும் பார்க்கவில்லை. பாவி, பார்த்திருக்க வேண்டாமா!

டாக்டர் பார்வைப் பரப்பைச் சோதித்தார். இடது கண்ணில் கீழ்ப்பாதி மங்கியிருந்தது. "இன்னைக்கே மருந்தை ஆரம்பிங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். போனது திரும்பாது," என்றார்.

"ஊசியில நூல் கோக்க வரலைன்னதும் கண்ணாடி மாத்தணும்போலன்னு நெனச்சேன்," என்றாள் சித்தி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் விளம்பரங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதடி. உன்மேல எனக்குக் கோவமில்ல." "ஆமா, முதல் இடம் வந்ததுலேர்ந்து ரொம்பப் பேர் படிக்கிறாங்கன்னியே. எத்தனை பேரு?"

தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் ஆசையாகப் பார்க்கிற எண் அது. மூன்று மாதத்தில் இருபத்தோராயிரத்து நானூறு. அதில் எத்தனை பேருக்கு அந்தப் பச்சைக் கட்டம் வந்ததோ.