ஏரிக்கரை நாற்பது ஏக்கர்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் டெல்பர்ட் ஹாஸ் இருபத்துநான்கு வருடமாகப் பத்திரப் பதிவாளர். நியமனப் பதவி இல்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பதவி. பத்திரத்தைப் படிப்பது, சரிபார்ப்பது, நேரம் குறித்துப் பதிவது எல்லாவற்றையும் துணைப் பதிவாளர் லொரெட்டா கிரிம் பார்த்துக்கொண்டாள். அவர் பார்த்த வேலை, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் டிராக்டர் மேல் நின்று மிட்டாய் எறிவதும், மாவட்டக் கண்காட்சியில் தன் பெயர் அச்சடித்த, ஈ அடிக்கும் மட்டைகளை வாரி வழங்குவதும்தான். அந்த மட்டைக்காகவே ஊர் ஆறு தடவை அவரை ஜெயிக்க வைத்தது. ஊர் லட்சணம் அப்படி.

ஒரு புதன்கிழமை மதியம் அவர் வியர்த்து விறுவிறுத்து லொரெட்டாவின் மேஜைக்கு வந்தார். கையில் நாலாக மடித்த கிரயப் பத்திரம். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். மார்ச் மாதமே ராய்ஸ் பெக்வித்திடம் ஏரிக்கரையில் நாற்பது ஏக்கர் வாங்கியிருக்கிறார். வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் அதில்தான். ஆனால் பதியவில்லை. பதிந்தால் உள்ளூர்ப் பத்திரிகை வாராவாரம் போடும் நிலமாற்றப் பட்டியலில் பெயர் வந்துவிடும். தேர்தல் வருடம், காபிக் கடையில் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். நவம்பரில் தேர்தல் முடியட்டும் என்று வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ராய்ஸோ அதே நிலத்தை, விவரம் அறியாத ஒரு பல் மருத்துவருக்கும் விற்றுவிட்டு அரிசோனாவுக்குக் கம்பி நீட்டிவிட்டான். பல் மருத்துவர் திங்கட்கிழமை காலையே வந்து பதிந்துவிட்டுப் போனார். பதிந்தவள் லொரெட்டாதான்.

இப்படி ஒரே நிலம் இரண்டு பேருக்கு விற்கப்பட்டால், முதலில் பதிந்தவருக்குத்தான் அது சேரும். கவுண்டரில் வந்து நிற்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் அவள் இதைச் சொல்லித்தான் அனுப்புவாள். அதைக் காதில் வாங்காத ஒரே ஆள் அந்த ஆபீஸின் தலைவர்.

டெல்பர்ட் கதவைச் சாத்தினார்.

"போன வெள்ளிக்கிழமை தேதி போட்டுடு, லொரெட்டா. யாருக்குத் தெரியப் போகுது?"

முடியாது என்றாள். பதிவு எண்கள் வரிசையாக ஓடுகின்றன, நடுவில் எதையும் நுழைக்க முடியாது, அது ஜெயிலுக்குப் போகிற வேலை என்றாள்.

"உன்னை இந்த நாற்காலியில உட்கார வெச்சதே நான்தான். மறந்துடாத."

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மனிதருக்காகவா இத்தனை வருடம் மாரடித்தோம் என்று எரிச்சல் பொங்கியது. பத்திரத்தை வாங்கிப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் ராய்ஸின் கையெழுத்து. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

"இதுல நோட்டரி முத்திரை எங்க, டெல்பர்ட்?"

அவர் எட்டிப் பார்த்தார்.

"அதுவும் வேணுமா?"

 தான் கோபப்படும் அளவுக்குக்கூட அந்த ஆளுக்குத் தகுதி இல்லை என்று லொரெட்டாவுக்குத் தோன்றியது.

"எந்தத் தேதி போட்டாலும் இது பதிவுக்கு ஆகாதுங்க. மார்ச்லயே கொண்டு வந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பத்திரத்தைத் திருப்பி அனுப்பும் சீட்டு ஒன்றை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'நோட்டரி சான்று இல்லை' என்று எழுதி அவர் பக்கம் தள்ளினாள். கீழே பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். டெல்பர்ட் பேனாவை எடுத்து, வழக்கம்போல் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.