பிளக்கைப் பிடுங்கியவள்

குருவிக்கு வயது பதினேழு. பேச்சு அவ்வளவாக வராது. ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதில் குழப்பமே இருக்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் அவளுக்குப் பிடித்த இடம் உணர்வு அறை. மங்கலான விளக்கு, தடித்த மெத்தை, கூரையிலிருந்து தொங்கும் துணி ஊஞ்சல். அதற்குள் சுருண்டுகொண்டால் கையைக் கடிக்கும் பழக்கத்தையே மறந்துவிடுவாள்.

அன்று மையத்தைப் பார்க்க விருந்தினர்கள் வந்திருந்தார்கள். நிர்வாகிக்குத் தலைகால் புரியவில்லை. குமிழி விடும் தண்ணீர்த் தூண், சுழலும் வண்ண விளக்கு, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் என்று இருந்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டுவிட்டார். அறை வாசலில் நின்ற குருவியின் அம்மாவுக்கே கிறுகிறுத்தது. ஊஞ்சலில் இருந்த குருவி காதைப் பொத்தி முனகினாள்.

"பாருங்க, எப்படி ரசிக்கிறா!" என்றார் நிர்வாகி.

குருவி இறங்கினாள். நேராகச் சுவரோரம் போய், எல்லாவற்றுக்கும் சேர்த்து மாட்டியிருந்த பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டாள். அறை கப்சிப்பென்று அடங்கியது.

"யாராவது அதை மாட்டுங்க!"

ஊஞ்சலருகே நின்ற குருவியின் பயிற்சியாளர் பெண் நகரவில்லை. நிர்வாகியே குனிந்தார். அதற்குள் அம்மா உள்ளே வந்து, பிளக் பாயிண்டை முதுகால் மறைத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா இது? எந்திரிங்க."

"மாட்டேன் சார். அவதான் வேணாம்னு சொல்லிட்டாளே."

"எங்க சொன்னா? வாயே தொறக்கலையே!"

"கையால சொன்னா. நீங்க போட்ட சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

விருந்தினர் ஒருவர் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார். நிர்வாகியின் முகம் சிவந்தது.

"இனிமே இவள இந்த ரூமுக்குள்ள விடமாட்டேன்."

"நாளைக்கும் வருவோம். தடுத்துப் பாருங்க."

எத்தனையோ மையங்களில், 'மன்னிச்சிருங்க சார், தெரியாம பண்ணிட்டா' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் அம்மாவுடையது. அன்று அந்த வார்த்தை தொண்டைவரைகூட வரவில்லை.

மறுநாள் காலை, உள்ளே விடுவார்களா என்று அம்மா வாசலில் தயங்கத்தான் செய்தாள். குருவிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நடைவழியை மறித்து நின்ற நிர்வாகியை, ஏதோ நாற்காலியைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போய் ஊஞ்சலில் ஏறினாள்.

"அவள வெளிய கூட்டிட்டு வா," என்றார் அவர் பயிற்சியாளரிடம்.

"அவளுக்கு இப்ப பயிற்சி நேரம் சார்," என்று நிர்வாகியின் முகத்தைப் பார்த்துச் சொன்னபடியே அவள் கதவைச் சாத்தினாள்.