ராவிக் கோட்டைக்குள் பெய்த பனி

ராவிக் கோட்டையின் பெரிய கூடத்தில் பனி பெய்யத் தொடங்கியபோது வெளியே நல்ல கோடை; ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. மெக்ராவிக் குலத்தார் அந்தக் கோட்டையைக் கட்டிய நாளிலிருந்து, மே மாதம் பிறந்ததும் பள்ளத்தாக்கின் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, கோட்டை அடுப்பிலிருந்து தணல் வாங்கிப் போய் மூட்டுவது வழக்கம். ஆகவே வீடுகள் எத்தனையானாலும் நெருப்பு ஒன்றுதான். குலத்தலைவர் லாக்லன் எடின்பரோவில் படித்தவர், அதை மறந்துவிட்டார். குடியானவர்களைவிட ஆடு லாபம் என்று கண்டு, அவர்களை நிலத்தைவிட்டு விரட்ட, காரியஸ்தனை அனுப்பி வீடு வீடாக அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஜனங்கள் கப்பலேறினார்கள், பாதிப்பேர் கனடாவின் கரையைக் காணவில்லை. ஒவ்வோர் அடுப்பு அணைந்தபோதும் கோட்டை நெருப்பு ஒரு சாண் தாழ்ந்தது. பிறகு அணைந்தது; கூடத்தில் பனி விழுந்தது. எந்தத் தீக்கல்லும் அங்கே பொறி தரவில்லை.

மிஞ்சியது மார்சலியின் அடுப்பு. கணவன் எக்கன் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்ததால், அவன் கண்ணை மூடும்வரை இருந்துகொள்ள அவளை விட்டிருந்தார்கள். வெயிலிலும் உருகாத பனிக்கட்டி தாடியில் தொங்க, லாக்லன் அவள் வாசலில் வந்து நின்றார்.

“ஒரு தணல் கொடு, மார்சலி. என் தாயில்லாப் புள்ள, உதடெல்லாம் நீலம் பாஞ்சிருச்சு.”

“நோயாளி கிடக்குற வீட்டு நெருப்பு வெளிய போனா, அவன் உசுரும் கூடவே போயிரும். உங்களுக்குத் தெரியாததா, தலைவரே?”

“கொடுத்துத் தொலையேன்,” என்று உள்ளேயிருந்து இருமினான் எக்கன். “எப்படியும் கூரையைப் பிரிக்கத்தானே போறாரு.”

“நீ சும்மா கிட. சாக அவ்வளவு அவசரமா?” என்று அவனை அடக்கிவிட்டு, “நெருப்பு வராது. புள்ளையைக் கொண்டாங்க,” என்றாள்.

கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். எக்கனுக்கும் அடுப்புக்கும் நடுவே போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது.

“நீங்களும் வந்து உக்காருங்க. கஞ்சி இருக்கு.”

“குடியானவன் அடுப்புல மெக்ராவிக் தலைவன் குளிர் காயறதா? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்க யாரை விட்டு வெச்சிருக்கீங்க?”

அவர் மேடேறிக் கோட்டைக்குத் திரும்பினார். காலையில் முன்னோரின் நாற்காலியில், மார்பளவு பனியில் உட்கார்ந்தபடி இருந்தார். காரியஸ்தன் சற்றுத் தோண்டிப் பார்த்தான். கை விறைத்ததும் விட்டுவிட்டான்.

எக்கன் அதன்பின் வெகுகாலம் இருமினான். அந்தக் குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்து, பெரியவளானதும் ஆடுகளை விற்றாள்; ஆனாலும் போனவர்கள் திரும்பவில்லை. கோட்டைக்குள் பனியும் நிற்கவில்லை. கோடையில் ஆற்றில் பிடிக்கும் சால்மன் மீனை அந்த வீட்டார் இப்போதும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். தலைவரின் காலடியில் வைத்தது அதிக நாள் கெடாமல் இருக்கிறது.