பொலிஸ் வருமாம்

ஒரு பெண் பெரியவளானதற்குச் சாமத்திய வீடு நடந்த மண்டபத்துக்கு வெளியே, கார் டிக்கியைத் திறந்துவைத்துக் குடித்த கூட்டத்தின் நடுவே என் தம்பி சேயோன் பேச்சுமூச்சின்றிக் கிடந்தான். அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்கள், மாடுகள்.

"ஏனடா அம்புலன்சுக்கு அடிக்கேல்லை?"

"பொலிசும் வருமக்கா. இவன் பிரஜாவுரிமைக்கு அன்ராக் போட்டிருக்கிறானெல்லே, பொலிசில பேர் பதிஞ்சா விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவாங்கள்," என்றான் அவனுடைய கூட்டாளி பிருந்தன்.

நானே அழைத்தேன். அம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது. பொலிசும் வருமா என்று அதில் வந்த மருத்துவரிடம் பிருந்தன் கேட்டான்.

"குடித்ததற்கெல்லாம் நாங்கள் பொலிசைக் கூப்பிடுவதில்லை. எப்போது விழுந்தார்?" என்று மருத்துவர் கேட்டார்.

பிருந்தன் நிலத்தைப் பார்த்தான். "ஒரு மணித்தியாலமிருக்கும்."

சேயோன் செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கன்று, அவனுக்குப் பிரஜாவுரிமை வழங்கப்பட்ட கடிதம் தபாலில் வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்த பிருந்தனின் இலையில், சோற்றுக்கு மேலே அதைப் போட்டேன்.

"இந்தா, நீங்களெல்லாரும் சேர்ந்து காப்பாத்தினது. தின்னடா."